பக்கத்துக் கட்டில் அண்ணன்

போன வருஷம் என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. ஐயம்பேட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சும்மா உட்காரச் சொன்னாலே முகம் வாடிவிடும். அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, தினமும் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோவேன்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் அண்ணன் இருந்தார். மாகறல்காரர். பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை. நகக்கண்ணெல்லாம் அரக்குச் சிவப்பு. அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. முதல் நாளே என் வீட்டுக்காரர் அவர் பக்கம் கண்ணைக் காட்டினார். அன்றிலிருந்து தூக்கில் இரண்டு பேருக்குச் சோறு போனது. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணி முடிக்கும்வரை, விபூதி நெற்றியோடு அந்த அண்ணனும் தட்டைத் தொடாமல் காத்திருப்பார்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும், ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஸ்தோத்திர ஜெபம் வைத்து பிரியாணி போடலாம் என்றேன். யார் யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தது.

"சொந்தக்காரங்க எப்பவும் வர்றவங்கதான். அந்த அண்ணனைக் கூப்புடலாம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, முசரவாக்கம் கொய்யா ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். பாட்டு முடிந்து, நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். யாரும் எதிர்பார்க்கவில்லை, அண்ணன் எழுந்தார்.

"எனக்கு உங்க மாதிரி ஜெபம் பண்ணத் தெரியாது. தங்கச்சி கொண்டாந்த குழம்புல தினமும் உப்பு தூக்கலாத்தான் இருந்துச்சு. ஆனா 'அண்ணா, எழுந்திருங்க, சாப்புடலாம்'னு கூப்புடும் பாருங்க, அதுக்காகவே வாசலைப் பாத்துக்கினு படுத்திருப்பேன். அப்படி ஒரு ஆளை அனுப்புன சாமிக்கு நன்றி."

எல்லோரும் சிரித்தார்கள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதிகமாகச் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். கல்யாணமான நாளிலிருந்து உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. கொடுக்கிற கையைத் தந்தீரே ஆண்டவரே என்று இத்தனை நாள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். என் வரவுக்காக ஒருவர் காத்திருந்தாரே, அதற்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அண்ணன் தயங்கி நின்றார்.

"கொஞ்சம் பார்சல் கெடைக்குமா தங்கச்சி? எனக்கில்ல. நம்ம வார்டுல ரெண்டு பேரு இன்னும் இருக்காங்க. போற வழிதான்."

மூன்று பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். மூன்றாவது எதற்கு என்று கேட்டார். "உங்களுக்கு ராத்திரிக்கு" என்றேன். நானும் என் வீட்டுக்காரரும் கடைசியில் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்டாவில் அடிப்பிடித்த சோறும் வெங்காயப் பச்சடியும்தான் மிச்சமிருந்தது. ஜெபம் பண்ணிவிட்டு அதைச் சாப்பிட்டோம்.