சேவூரில் கனத்துப்போன மிதி

பட்டுப்புடவை எங்கே மலிவு என்று தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தத் தடவை ஆரணியில் ஒரு கடைக்குள்ளும் நான் நுழையவில்லை. 2007 தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, என் சிநேகிதி லூர்துமேரியைப் பார்க்கப் போய் வந்த கதை இது. சின்ன வயதில் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள் நாங்கள். இருவருக்கும் போலியோ, இருவருக்கும் வலது கால். அவள் ஆரணியை ஒட்டிய சேவூரில் பட்டு நெய்கிறாள். நான் சென்னையில் ஃபைல் தள்ளுகிறேன்.

போனதற்குக் காரணம் என் இடது கால். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'நல்ல கால்'. அது கொஞ்ச நாளாகத் தளர ஆரம்பித்திருந்தது. போலியோவில் தப்பிய நரம்புகள் இத்தனை வருடம் இரட்டை வேலை பார்த்துக் களைத்துவிட்டன என்றார் டாக்டர். வளர்ச்சி ஹார்மோன் என்று ஒன்று இருக்கிறதாம். வயதானால் எல்லோருக்கும் குறையுமாம், எங்களைப் போன்ற சிலருக்குக் கூடுதலாகவே குறையலாமாம். தசை தளர்வதில் அதற்கும் பங்கு இருக்கலாம், ஆனால் உறுதியாகத் தெரியாது என்றார். ஊசி போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "அதை நம்பி இறங்காதீங்க. முதல்ல காலைக் களைக்க விடாதீங்க," என்றார். உடனே எனக்கு லூர்துவின் ஞாபகம்தான் வந்தது. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

கோயம்பேட்டிலிருந்து காஞ்சிபுரம், செய்யாறு வழியாக ஆரணிக்குக் கிட்டத்தட்ட நூற்று நாற்பது கிலோமீட்டர். நான்கு மணி நேரம், நாற்பத்தைந்து ரூபாய். முதல் படி என் முழங்கால் உயரம். "மெதுவா ஏறும்மா, வண்டி எங்கியும் ஓடிடாது," என்று கண்டக்டர் முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து சேவூருக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனால் காலில் மாட்டிய இரும்புக் காலிப்பரோடு அந்தக் கூட்டத்தில் ஏறுவது வீண் வீரம்.

லூர்து தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாள். குழிக்குள் இருக்கும் மிதியை அழுத்தினால்தான் மேலே இழை பிரியும். அத்தனை வருடமும் அதை மிதித்தது அவளுடைய நல்ல கால் ஒன்றுதான்.

"இந்தத் தறி பேஜாரு குடுத்துகினே கீதுடி. மிதி ஒரேடியா கனத்துப் பூட்ச்சி," என்றாள். கயிறு மாற்றியாகிவிட்டதாம். ரிப்பேர் பார்ப்பவர் இரண்டு தபா வந்து பிரித்து மாட்டிவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டாராம்.

அவள் கணவர் அருள், செய்யாறு பக்கம் கம்பெனி வேலை, அன்று லீவில் இருந்தார். அவரை உட்கார்ந்து மிதித்துப் பார்க்கச் சொன்னேன்.

"இதுவா கனம்?" என்றார். "பஞ்சாட்டம் கீதே."

அப்புறம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கனத்தது மிதி இல்லை, கால்தான் என்றேன். லூர்து குனிந்து தன் இடது காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அருளுக்குத்தான் முகம் கறுத்துப் போனது.

"உக்காந்தே கெடந்தா நல்ல காலும் பூடும்னு டெய்லி காலைல நான்தான்க்கா ஏரிக்கரைக்கு இஸ்துகினு போறேன். வலிக்குதும்பா. வலிச்சாத்தான் பலம் வரும்னு சொல்லிகினு இருந்தேன்."

"வுடுய்யா. உனுக்கின்னா தெரியும்," என்றாள் லூர்து. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கையப் புடிச்சிகினே வருவாருடி. நாள் பூரா ஷிப்டு, தறின்னு பூடுது. எங்களுக்குன்னு இருந்தது அந்த நேரம் மட்டும்தான். அதையும் வுட்டுடணுமா?"

கொஞ்ச தூரம் நட, களைக்கும் முன்னால் உட்கார், மதியம் படு, தறியில் நேரத்தைக் குறை என்றேன். குறைத்தால் புடவை எப்போது முடியும் என்று கேட்டாள். போன பலம் திரும்ப வருமா என்று அருள் கேட்டபோது, தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினேன். பழக்க தோஷத்தில் அருள், ஏரிக்கரை நடைக்காக லூர்துவின் செருப்பை வாசலில் கொண்டுவந்து போட்டார். போட்டபிறகு எடுக்கவும் தெரியாமல் நின்றார். லூர்து வாசல்படியில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினாள். கம்பெனி பஸ் வரும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், கையை விடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தையில் விடியற்காலைக் குளிர் எங்கள் கால்களுக்கு ஆகாது, கம்பளி சாக்ஸ் கட்டாயம். திரும்பும் பஸ்ஸில் நடுவில் இறங்கி இளைப்பாறச் செய்யாறு வசதி. போலியோ வந்தவர் உங்கள் வீட்டில் இருந்து, குடம் கனக்கிறது, மாடிப்படி உயரமாகிவிட்டது என்று சொன்னால், குடத்தை மாற்றாதீர்கள், நடக்கச் சொல்லி விரட்டாதீர்கள். முதலில் நல்ல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உழை, உழை என்று எங்களை வளர்த்தவர்கள் எல்லோருமே எங்கள்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான். அவர்களில் ஒருவருக்காவது இது முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா?