பம்பாய்த் தெருவில் நின்ற யானை

இப்போது சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. டிவியில் ஒரு தடித்த ஆள் உடம்பெல்லாம் இறகு ஒட்டிக்கொண்டு, மூக்கில் அட்டை அலகை மாட்டிக்கொண்டு, மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் குடியிருப்பான். அவன்தான் கதாநாயகன். இறகுக்குக் கீழே அவனுடைய கால்சட்டையும் சாக்ஸும் பளிச்சென்று தெரியும். பறக்க வேண்டிய கட்டம் வந்தால் கையை விரித்துக்கொண்டு ஓடுவான். உடனே வானத்தைக் காட்டுவார்கள். அவன் பறந்துவிட்டான் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டோம். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தாராள மனசு. "கார்ட்டூன்கூட இல்லையாம்மா, நெஜ ஆளா? பயமா இருக்குமே" என்கிறாள் என் மகள். பயமாகத்தான் இருந்தது, அதற்காகத்தானே ஓடி ஓடிப் பார்த்தோம்!

சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடு. ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளைத்தான் லயம் என்போம். அடுத்த வீட்டில் கருவாடு வறுத்தால் நமக்குச் சோறு இறங்கும். டிவி மட்டும் மேட்டில் இருந்த சூப்பர்வைசர் வீட்டில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியிலிருந்து பறவைக்காரன் வருவான். அதே காலையில்தான் மாதா கோவிலில் பூசையும். சாமியார் பிரசங்கத்தை நீட்ட நீட்ட நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். கடைசி ஆமென்னை நாங்கள் அவ்வளவு சத்தமாகச் சொல்வதைக் கேட்டு, இந்த லயத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்ன பக்தி என்று அந்த மனிதர் நினைத்திருக்கலாம்.

நிகழ்ச்சி முழுக்க இந்தி. எங்கள் பக்கம் மலையாள நாடு என்பதால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் இந்தி உண்டுதான், ஆனால் அது பரீட்சைக்குப் பிறந்து பரீட்சையோடு செத்துப்போகிற இந்தி. பறவைக்காரன் பேசிய வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? எங்களுக்கு மாமாதான் கதி.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பம்பாயில் ஓர் ஓட்டலில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, மஞ்சள்காமாலையோடு ஊர் திரும்பியவர். உடம்பு தேறியதும் தேயிலை ஃபேக்டரியில் சேர்ந்துகொண்டு எங்களோடேயே இருந்தார். ஞாயிறு தோறும் டிவி பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வார். பறவைக்காரனுக்கு ஒரு கட்டைக் குரல், குழந்தைக்கு ஒரு கீச்சுக் குரல், வில்லியான மாடிவீட்டு அத்தைக்கு எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவரின் குரல். அந்தப் பெரியம்மாவே வந்து உட்கார்ந்து, தன் குரல் என்று தெரியாமல் விழுந்து விழுந்து சிரிப்பார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வந்த பெரியவர்களும் வாசலில் நின்றபடி கேட்பார்கள். "பம்பாய்க்காரன்" என்று அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பில்தான் பூப்பாறையிலிருந்து ஒரு கல்யாண ஆலோசனையும் வந்தது. பெண்ணை மாமாவுக்குப் பிடித்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கியதிலிருந்தே அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.

அப்பாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் வேலை குறைகிற மாதங்களில் சில ஆண்கள் மாங்காய்ச் சீசனுக்காக முதலமடைக்குப் போவதுண்டு. அந்த வருடம் அப்பாவும் போனார். மாங்காய் பறித்து, லாரி ஏற்றி, சீசனும் முடிந்து மழையும் வந்துவிட்டது. அப்பா வரவில்லை. மாமா ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்பா கொடுத்துவிட்டதாக எனக்கு ஒரு மஞ்சள் கவுன் கொண்டுவந்தார். அதை மாமாவே வரும் வழியில் கொல்லங்கோட்டில் வாங்கினார் என்பதும், முதலமடையில் அப்பாவுக்கு வேறொரு வீடும் அங்கே ஒரு கைக்குழந்தையும் இருந்ததும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று அது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லக்கூடாது என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். சண்டை வந்தால் ஒருத்தியின் ஏழு தலைமுறையை இழுத்துப் பேசுகிற லயம், இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

டிவி கதையிலும் ஒரு சிறுமிக்கு அப்பா வீடு வந்து சேரவில்லை. அவள் பறவைக்காரனிடம், "எங்கப்பாவுக்கு வழி தெரியாமப் போச்சு, நீ பறந்து போய்க் கூட்டிட்டு வா" என்று அழுகிறாள். அவனும் தேடப் போகிறான். வாரா வாரம் தேடுகிறான். எனக்கு அந்தச் சிறுமியைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. என் அப்பாவைத் தேடிப் போக இப்படி ஒரு பறவை இல்லையே என்று பூசையில் முழங்காலில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூப்பாறைப் பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன் சத்தமில்லாமல் வந்து நாலு பேரிடம் கேட்பார்கள்: குடிப்பானா, சொல்வதெல்லாம் உண்மைதானா என்று. சூப்பர்வைசர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, "பாருங்க, நம்ம பையன் இந்தியை அப்படியே தமிழ்ல பிச்சு உதறுவான்" என்றார். நான் வழக்கம்போல மாமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பறவைக்காரன் திரும்பி வந்துவிட்டான். சிறுமி படியேறி ஓடுகிறாள். அவன் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, அதுவரை எந்த வாரமும் கழற்றாத அலகைக் கழற்றினான். உள்ளே ஒரு சாதாரண முகம், வியர்த்துப்போன முகம். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் மெதுவாகப் பேசினான். சிறுமி கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமா வாயைத் திறக்கவில்லை.

"என்ன மாமா சொல்லுது?" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "அவுங்க அப்பா வந்துக்கிட்டேதான் இருக்காராம் பாப்பா. வழியில யானை நிக்கிதாம். அது நகரட்டும்னு நிக்கிறாராம்."

எங்கள் ஊரில் இது நியாயமான காரணம். வாத்தியார் பள்ளிக்கு வராததற்கும் ரேஷன் கடை திறக்காததற்கும் யானைதான் காரணம். பாதி நாள் அது உண்மையும்கூட. ஆனால் டிவியில் தெரிந்ததோ பெரிய பட்டணம். அடுக்கு மாடியும் பஸ்ஸும் காருமாக இருந்தது. வீடே கொல்லென்று சிரித்தது.

"அட, பம்பாயில எந்தத் தெருவுல மாப்ள யானை நிக்கிது?" என்றார் பெண்ணின் அண்ணன். அவர் சிரிக்கவில்லை.

"நிக்கிதுன்னுதான சொல்றான்" என்றார் மாமா.

"அந்த ஆளு அழுகுறான். யானை நிக்கிதுன்னு எவனாச்சும் அழுவானா?"

"பயத்துல அழுவான்."

மறுபடி சிரிப்பு. சூப்பர்வைசருக்கு முகம் கறுத்துவிட்டது. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, நான் நேராவே கேக்குறேன். இந்தி தெரியும்னா, அவன் என்ன சொன்னான்னு சரியாச் சொல்லுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டுப் போங்க. பம்பாயில இருந்தேன்னு சொல்லித்தான எங்க வீட்டுல ஆலோசனையே பேசுனது."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா அவரைப் பார்க்காமல் குனிந்து என்னைப் பார்த்தார். "எனக்கு இந்தி தெரியாதுங்க. சும்மா அள்ளி விட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவ்வளவுதான். அந்த வாரமே பூப்பாறையிலிருந்து ஆட்கள் வந்து, பெண்ணுக்கு இப்போது கல்யாண யோசனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யோசனை இல்லாத அந்தப் பெண்ணுக்கு அடுத்த தை மாதமே கல்யாணமும் நடந்தது. மாமாவுக்கு "யானை இந்தி" என்று பெயர் விழுந்தது. அவர் பம்பாய்க்கே போகவில்லை, தேனியில்தான் எங்கோ எச்சில் இலை எடுத்தார் என்று ஒரு கதை கிளம்பியது. ஃபேக்டரியில் யாராவது வேலைக்குப் பிந்தி வந்தால், "என்ன, பம்பாய்த் தெருவுல யானையா?" என்று மாமாவைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பிறகு அவர் டிவி பார்க்க வரவில்லை. நாங்கள் இந்தியை இந்தியாகவே பார்த்துவிட்டு வந்தோம். வெகுநாள் கழித்து, தலை நரைக்கத் தொடங்கிய வயதில்தான், போடியில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஒரு பெட்டிக்கடை வைத்தார்.

நான் இப்போது சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வடக்கத்திக்காரர்கள். அறையைச் சுத்தம் செய்யும் பையன்கள் ஜார்க்கண்ட். பள்ளிக்கூடம் ஏற்ற முடியாத இந்தியைப் பிழைப்பு ஏற்றிவிட்டது. போன மாதம் நாக்பூர் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், வரவேற்பறையில் உட்கார்ந்து தன் பிள்ளைகளுக்கு ஃபோனில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் "சாக்ஸ் தெரியுது, சாக்ஸ் தெரியுது" என்று உருண்டு சிரித்தார்கள். ஃபோனிலிருந்து வந்த பறவைக்காரனின் குரலே எனக்குப் போதுமாக இருந்தது. அவரிடம் சொல்லிக் கேட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் பழைய வாரங்கள். மாமா எங்களுக்குச் சொன்னதற்கும் அவர்கள் பேசியதற்கும் அட்சரம் பிசகவில்லை. வில்லி அத்தையின் வசவைக்கூட மனுஷர் விடாமல் சொல்லியிருக்கிறார். அடப்பாவி மாமா, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகு அந்த வாரம் வந்தது. அவன் அலகைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "உன் அப்பா வழி தவறிப் போகவில்லை, மகளே. வழி அவருக்கு நன்றாகத் தெரியும். வேறொரு வீட்டில் இருக்கிறார். அங்கேயும் ஒரு குழந்தை இருக்கிறது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்."

எனக்கு அழுகை வந்தது. அந்த அம்மா, நான் சிறுவயது ஞாபகத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஆமாம், அந்தக் காலமே தனி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலம் போடிக்குப் போன் போட்டேன். "மாமா, அன்றைக்கு அந்தப் பறவை என்ன சொன்னது?" என்று இந்தியிலேயே கேட்டேன். "எந்தப் பறவை? நீ எப்போது இந்தி படித்தாய்?" என்று அந்தப் பக்கமிருந்து வந்து விழுந்தது, சுத்தமான பம்பாய் ஓட்டல் இந்தி. கடையில் யாரோ சில்லறை கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

"மாமா, அன்னைக்கே நெசத்தச் சொல்லியிருந்தா உங்க கல்யாணம் நடந்திருக்குமே."

"அதுக்கு ஒனக்குல்ல மொதல்ல சொல்லணும்" என்றார் தமிழில். "நானே மொதலமடையில போய் ஒங்கப்பனக் கூப்புட்டுப் பாத்துட்டுத் தனியாத் திரும்பி வந்தவன்தான. அந்தப் பறவைக்காரன் டிவியில சொன்னத நான் ஒங்கிட்டச் சொல்ல முடியாம சுத்திக்கிட்டு இருந்தேன். அவனுக்கு எழுதிக் குடுக்க ஆள் இருந்துச்சு, சொல்லிட்டான்." பிறகு, "சரி, ஏவாரம் நிக்கிது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் வீட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே நாங்கள் இறங்கி வந்தது நன்றாக நினைவிருக்கிறது. மாமா பொய் சொன்னதில் எனக்குக் கவலை இல்லை. வேறொரு கவலைதான் இருந்தது. "அப்ப யானை நின்னதும் பொய்யா மாமா?" என்று கேட்டேன். அவர் நின்றார். "இந்திதான் பொய் பாப்பா. யானை நெசம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. யானை என்றால் என்றைக்காவது நகரத்தானே வேண்டும். அப்பா ஏன் வரவில்லை என்று அம்மாவிடம் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று லயத்தை நோக்கி ஓடினேன். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். மாமா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு நல்ல சேதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனுஷர் ஏன் வீட்டுக்கு வராமல் நிற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.