பேசாமல் கொண்டு வந்த தண்ணீர்

தோட்டத்து ஆட்கள் வரிசைவீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்புறம் இறங்கி ஓடையோரமாக நடந்தால், ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புவதற்குள் அருவிக்குப் போய்விடலாம். அவ்வளவுதான் தூரம். தெமோதரைக்கு ரயில் வந்த பிறகு துரைமாரும் துரைசாணிமாரும் கூடையில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அங்கே பொழுதுபோக்க வருகிறார்கள். நல்ல இடம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல இடம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதையில் நான் நடந்த ஒரு காலைப்பொழுதை நினைத்தால் எனக்கு இன்றும் சோறு இறங்காது.

நான் தேயிலை அரைக்கும் ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவன். திருச்சிப் பக்கத்தில் சின்ன வயதில் நாலு எழுத்துப் படித்திருந்தேன். லயத்துக்கு ஊரிலிருந்து வரும் காகிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்தத் திமிரும் எனக்கு உண்டு. கங்காணியோடு மல்லுக்கு நிற்பேன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு நியாயம் பேசுவேன். என் வாயில் விழக் கூடாது என்று ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். ஐந்து வயது நடந்தபோது அவளுக்கு அம்மை போட்டது. லயத்தில் அம்மையை நோய் என்று யாரும் சொல்வதில்லை. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். வந்தவளை மனம் கோணாமல் வைத்திருந்து வழியனுப்ப வேண்டும். வேப்பிலை வேண்டும். இந்தக் குளிரில் வேம்பு பிடிக்காது. பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவரின் மருந்துக் கடையில் காய்ந்த இலை வாங்கி வந்து வாசலில் செருகினோம். பிள்ளையைத் துணி விரித்துப் படுக்க வைத்து, என் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முத்து இறங்கியது. இனித் தலைக்கு ஊற்றிவிடலாம் என்று இருந்த நேரத்தில் காய்ச்சல் மறுபடியும் ஏறியது. இந்தத் தடவை மூச்சு மாறிப் போயிருந்தது. விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழும்பியது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராப் பெண்கள் வந்து பார்த்தார்கள். "ஆத்தா எறங்க மாட்டேன்னு நிக்கிறா. அருவித் தண்ணி கொண்டாந்து ஊத்துங்க, குளுந்து போயிருவா" என்றார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. பெற்ற தகப்பன் போய் அருவியில் முழுகி, தரையில் விழுவதற்கு முன்பே தண்ணீரைப் புதுப்பானையில் பிடிக்க வேண்டும். பானை தலையில் ஏறியதிலிருந்து பிள்ளையின் தலைமாட்டில் இறங்கும் வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சாடை காட்டவும் கூடாது. பேசிவிட்டால் அது வெறும் தண்ணீர். வேறு தோட்டங்களில் இந்த வழக்கம் உண்டோ என்னவோ, எங்கள் லயத்தில் இருந்தது.

விடிந்ததும் புறப்பட்டேன். தேயிலை முடியும் இடத்தில் ஓடைக்குக் குறுக்கே இரண்டு மரத்தைப் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் பாதை ஒற்றையடியாகி மானாப்புல்லுக்குள் நுழையும். பிறகு பெரணி, பாசி பிடித்த கல், மரத்து வேர். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அட்டை காலில் ஏறிக்கொண்டே இருந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை, இரத்தம் ஒழுக ஒழுக நடந்தேன். ஏறஏற ஓடையின் இரைச்சல் அதிகமாகி, கடைசியில் ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும் அருவி முகத்தில் சாரல் அடித்தது.

அருவியின் காலடியில் கன்னிமார் என்று ஏழு கல்லை வைத்திருக்கிறார்கள். யாரோ பூசிய மஞ்சள் பாதி கரைந்து கிடந்தது. நான் முழுகினேன். அந்தக் குளிரில் உயிர் போய்த் திரும்பியது. பானையை நீட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கற்களைப் பார்த்து அழுதேன். பிள்ளையைக் கொடுத்துவிடு என்று கேட்டேன். அங்கே நின்றபோது அவள் பிழைத்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அன்றைக்கு எனக்கு இருந்த அந்த நிச்சயத்தை நினைத்தால் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

பானையோடு இறங்கி வந்தேன். மேல் டிவிசனிலிருந்து வரும் குறுக்குவழி ஓடைப் பாதையில் சேரும் இடத்தில், ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா. யாழ்ப்பாணத்து மனிதர். பக்கத்தில் குடையும் மருந்துப் பையும் இருந்தன. என் ஈர வேட்டியையும் பானையையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆருக்கப்பா அம்மை? உன்ர பிள்ளைக்கோ?"

நான் நின்றேன்.

"போட்ட அம்மை இறங்கினாப் பிறகு காய்ச்சல் திரும்ப ஏறினதோ? மூச்சு வாங்குதோ?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார். "மூச்சு வாங்குதெண்டா இந்தத் தண்ணியை வார்க்கக் கூடாது. உனக்குப் பேசக் கூடாதெண்டு நேர்த்தி, எனக்குத் தெரியும். பேச வேண்டாம். ஓம் எண்டு தலையை மட்டும் ஆட்டு, நான் இப்பவே வந்து பாக்கிறன்."

தலையை ஆட்டினால் போதும். தலையில் பானை இருந்தது என்று சாக்குச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். ஆட்டினால் தண்ணீர் வீணாகிவிடும் என்று நினைத்தேன். அவர் அம்மை என்று எழுதிவிட்டால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து மலைமேல் உள்ள தனிக் கொட்டகையில் போட்டுவிடுவார்களே என்றும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டன. ஊரெல்லாம் அளந்த வாயை அந்த ஒரு இடத்தில் கட்டிக்கொண்டேன்.

"சரி, உன்ர விருப்பம்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் கோபம் வந்திருக்கும். எத்தனை பேர் வீட்டுக் கதவைத்தான் அந்த மனிதர் தட்டுவார்.

காம்பரா வாசலில் பெண்கள் நின்றார்கள். பானையை இறக்கியதும், "வழியில யார்கூடயாச்சும் பேசுனீங்களா?" என்று முறைப்படி கேட்டார்கள்.

"ஒரு வார்த்தை பேசல" என்றேன். அதைப் பெருமையோடு சொன்னேன். என் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தண்ணீரை நானே ஊற்றினேன். பிள்ளை உதறினாள். "அப்பா, குளுருதுப்பா" என்றாள். "இந்தா முடிஞ்சுது கண்ணு, சரியாப் போயிரும்" என்று பானையில் மிச்சம் இருந்ததையும் ஊற்றினேன். மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

சாவை எழுதிக்கொள்ள டிஸ்பென்சர் ஐயா வந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தினார். "தண்ணி வார்த்தனியோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அப்போது ஆட்ட முடிந்தது. "நான் அப்பவே சொல்லியிருந்தா பொழைச்சிருப்பாளாங்க?" என்றேன்.

"இனி அதைக் கதைச்சு என்ன பிரயோசனம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதினார். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பேச்சு என் மனைவியின் காதில் விழவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். ஆத்தா இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது. எண்ணெய் காயும் வாசம் ஆத்தாவுக்கு ஆகாது. ஒரு நாள் அவள் எனக்காகக் கொஞ்சம் கடுகு தாளித்து ரசத்தில் போட்டாளாம். அந்தக் கோபத்தில்தான் ஆத்தா பிள்ளையைக் கொண்டுபோய்விட்டாள் என்றாள். எனக்கு அந்த ரசம் நினைவிருந்தது. சப்பென்று இருக்கிற சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன் நான். நான் செய்யச் சொல்லித்தான் அவள் செய்தாள். அதையும் அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஓடைக்கரையில் நடந்ததைச் சொல்ல அன்றைக்கு எனக்கு ஒரு வழி இருந்தது. அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கடுகு என் பாரத்தை வாங்கிக்கொண்டது என்று மனதுக்குள் ஓர் ஆறுதல்கூட எழுந்தது. இதற்குமேல் கேவலம் என்ன இருக்கிறது?

அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் தலையில் பூ வைப்பதில்லை, நல்லது கெட்டதுக்கு எங்கும் போவதில்லை. வருசத்துக்கு ஒரு தடவை மட்டும் மஞ்சளும் வேப்பிலையும் எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் அருவிக்குப் போவாள். நானும் பின்னால் போவேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

இந்த வருசம் அவளால் ஏற முடியவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. பாதி வழியில் ஓடையோரப் பாறை ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள். அருவியின் இரைச்சல் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. மஞ்சளை நான் கொண்டுபோய்ப் பூசிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க, அடுத்த வருசம் நான் இருப்பேனோ இல்லையோ. அந்தக் குளுருல போயி முழுகி, ஒரு வார்த்தை பேசாம தண்ணி கொண்டாந்தீங்க. நீங்க ஒரு கொறையும் வைக்கல. நான்தான் பாவி, கெடுத்துட்டேன். எம்மேல கோவம் இல்லன்னு ஒரு தடவ உங்க வாயால சொல்லிருங்க."

"கோவம் இல்ல" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.