தலைக்கு மேல் ஃபேன்

நாங்கள் பிழைக்க வந்த தெலுங்கு ஊரான உப்பலில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்தெருவிலேயே ஓர் அரசாங்கப் பள்ளி இருக்கிறது. மகள் படித்த பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட, ஆறாவதுக்கு எங்கே சேர்ப்பது என்று அலைந்த ஏப்ரலில் அங்கேயும் போய்ப் பார்த்தேன். டீச்சர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். கழிப்பறைப் பக்கம் போனேனோ இல்லையோ, குடலைப் புரட்டும் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம், "ச்சீ, மனுஷி போவாளா அங்க? நக்கோ, வேணவே வேணாம்" என்றேன்.

அவருக்கு அது போதும். மாதாப்பூரில் அவர் ஆபீஸ்காரர்களின் பிள்ளைகளெல்லாம் ஊருக்கு வெளியே ஹாஸ்டல் பள்ளியில் தங்கி, ஆறாவதிலிருந்தே ஐ.ஐ.டி.க்குத் தயாராகிறார்களாம். "நம்ம பொண்ணு மட்டும் பின்தெருல கெடக்கணுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். எங்கள் நம்பர் எப்படித்தான் கிடைத்ததோ, அப்படி ஒரு பள்ளியின் பி.ஆர்.ஓ. தினம் நாலு தடவை போன் செய்தான். பி.ஆர்.ஓ. என்றால் வேறொன்றுமில்லை, பிள்ளை பிடிக்கிறவன். சித்தூர்ப் பக்கத்து ஆள், எங்களுக்காகத் தமிழில் குழைந்தான். ஒருநாள் வீட்டுக்கே வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு, "பாப்பா கண்ணுலயே ரேங்க் தெரியுது மேடம்" என்றான். அப்போதே வாசலைக் காட்டியிருக்க வேண்டும். காபி போட்டுக் கொடுத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

ஹாஸ்டல் என்றதும் மகள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்கிறவள், அன்று யோசித்து யோசித்துத் தமிழிலேயே சொன்னாள். "ஃபேனுக்குக் கீழ பெட் கொடுத்தா போறேம்மா." குளிர்காலத்தில்கூடப் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, தலைக்கு மேல் ஃபேன் சுற்ற வேண்டும் அவளுக்கு. இல்லாவிட்டால் தூக்கமே வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மட்டும் போய்ப் பார்த்தோம். ஞாயிறன்றும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எதிரே வந்த ஒரு சின்னப் பெண், கையிலிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே "குட் மார்னிங்" சொல்லிவிட்டுப் போனாள். அதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. நான் நேரே கழிப்பறைக்குத்தான் போனேன். பளிங்கு மாதிரி இருந்தது, எலுமிச்சை வாசனை. அப்பாடா என்று மூச்சு விட்டு, சேர்க்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் பி.ஆர்.ஓ. படுக்கும் அறையைக் காட்டினான். எட்டுக் கட்டில்கள். எந்தக் கட்டில் ஃபேனுக்கு நேர் கீழே என்று அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஃபேனே இல்லை. கொக்கி இருந்த இடங்களில் வட்டமாக சிமெண்ட் பூசி மூடியிருந்தது. சுவரில் மட்டும் உயரத்தில், கம்பிக் கூண்டுக்குள் இரண்டு குட்டி ஃபேன்கள். அறை அடுப்பாய்க் கொதித்தது.

"ஏன் சீலிங் ஃபேன் இல்ல?" என்று கேட்டேன்.

"சேஃப்டி மேடம்" என்று சிரித்தான். "பசங்க எக்ஸாம் டென்ஷன்ல ஏதாவது பண்ணிக்கக் கூடாதில்ல? மத்தவங்க ஒண்ணு நடந்த அப்புறம்தான் கழட்டுவாங்க. நாங்க முன்னாடியே எல்லா ரூம்லயும் எடுத்துட்டோம்."

ஸ்விம்மிங் பூல் இருக்கிறது என்று சொல்கிற அதே குரல். பதினோரு வயதுப் பிள்ளைகள் தூங்குகிற அறை அது. பிள்ளைகள் தூக்கு மாட்டிக்கொள்வார்கள் என்று தெரிகிறது, அதற்குக் கொக்கியைப் பிடுங்கியிருக்கிறார்கள், பாடத்தைக் குறைக்கவில்லை. என் வீட்டுக்காரர், "நல்ல ஏற்பாடுதான்" என்று தலையாட்டினார். அவரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கையில் படிவத்தோடு நின்ற என்னை நினைத்தால் அதைவிட அருவருப்பு. கேட்டுக்கு வெளியே வந்து, ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுத்தேன். படிவத்தை அதன் மேலேயே போட்டேன்.

வீட்டு வாசலிலேயே மகள் மறித்தாள். "ஃபேன் இருந்துச்சாம்மா?"

"இல்லடி."

"கைக்கு?" ஏன் என்று இந்தியில் கேட்டாள்.

ஏன் இல்லை என்று எந்தப் பாஷையில் சொல்ல? வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஷூவைக் கழற்றக் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவில்லை.

ஜூனில் பின்தெருப் பள்ளியிலேயே சேர்த்தோம். நானும் இன்னும் இரண்டு அம்மாக்களும் ஹெட்மிஸ்ட்ரஸிடம் சண்டை போட்டு, கழிப்பறையைக் கழுவ ஆள் வைத்தாயிற்று. இன்னும் நாறத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

போன ஞாயிறு மத்தியானம் அந்தப் பி.ஆர்.ஓ. மறுபடி கூப்பிட்டான். "ஃபேன்தானே மேடம் உங்க பிரச்சினை? ஏசி ரூம்ல ஒரு பெட் காலியா இருக்கு. பாப்பா ஜில்லுனு தூங்கலாம்." வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்து பிடுங்கினார். "எம்பொண்ணு எங்க வீட்லதான் தூங்குவா. இனிமே போன் பண்ணின, பாரு" என்று கத்திவிட்டு வைத்தார்.

சத்தத்தில் அவள் எழுந்துவிட்டாளோ என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என் கண் ஃபேனில் நிற்காமல், அது மாட்டியிருக்கிற கொக்கிக்குப் போனது. இப்போதெல்லாம் அந்த அறைக்குள் போனால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், பாவிப் பயல்களால்.