முறைப் பாத்தியம்

பங்குதாரர்களே, ஆண்டறிக்கையில் இதைப் பற்றி நான் எழுதியிருப்பது ஒரே வரி: ‘இவ்வாண்டு நமது கால்பந்துக் கழகம் மாவட்ட லீக்கின் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.’ பொதுக்குழுவில் அதை நான் படித்தபோது உங்களில் ஒருவரும் தலைநிமிரவில்லை. டீ வந்ததும் நிமிர்ந்தீர்கள். அந்த ஒரு வரிக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன். எழுதாவிட்டால் ஓதவும் முடியாது போலிருக்கிறது. விடியலில் குளித்து, நீறு பூசி, பதிகம் தொடங்கினால் இரண்டாம் பாட்டிலேயே மனம் மைதானத்துக்கு ஓடிவிடுகிறது. இறைவன் பொறுத்துக்கொள்வான், எனக்குத்தான் பொறுக்கவில்லை.

குற்றத்தை முதலில் என்மேல் வைக்கிறேன். உளுந்தூர்பேட்டையில் என் வாழ்நாளில் பெரும்பகுதி பத்திரம் எழுதியே கழிந்தது. என் எழுத்தில் பிழை என்று ஒரு பத்திரமும் திரும்பியதில்லை. அந்தப் பெருமையால்தான் கழகத்தின் செயலாளராக என்னை உட்கார வைத்தீர்கள். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது உருண்டை என்பது மட்டுமே.

ஏரிக்குக் கீழே கிடந்த கரம்பு நிலத்தை மைதானமாக்கியபோது, ஒரு டிப்பர் செம்மண் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு பங்கு என்று முடிவுசெய்தோம். பங்குப் பத்திரம் நான் எழுதினேன். நிலப் பத்திரம் எழுதியே தேய்ந்த கை, கடைசி வரியில் தானாகவே ஓடியது: ‘மேற்படி பங்குக்கு உண்டான முறைப் பாத்தியம் சகிதம்.’ நிலத்துக்கு அதன் பொருள், ஏரித் தண்ணீர் தன் முறை வரும்போது பாய்ச்சிக்கொள்ளும் உரிமை. கால்பந்துக்கு அதற்கு ஒரு பொருளும் இல்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அந்தச் சொல் எனக்கு உறுத்தவும் இல்லை. நான் ஓதும் பாடல்களில் முறை என்றால் நீதி. துன்பம் தாளாத அடியவன் ‘இது முறையோ’ என்று கேட்பது அந்த நீதியை. நல்ல சொல்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோயிலில் நீதியாக இருக்கும் சொல் வயலில் தண்ணீராக இருக்கிறது என்பதை மறந்தேன்.

நீங்கள் மறக்கவில்லை. சென்ற பருவத்தில் முதல் பிரிவுக்கு ஏறினோம். ஏறியதும் எல்லோருக்கும் ஆசை வந்தது. இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தன்று என் மனைவியின் தம்பி, நம்மில் பெரிய பங்குதாரர், பத்திரத்தை லேமினேட் செய்து கோட்டோரம் கொண்டுவந்தார்.

“மாமா, இது நீங்க எழுதுனதுதான?”

“ஆமா. அதுக்கு இன்னா இப்ப?”

“முறைப் பாத்தியம்னு போட்டுக்கிது. எம் பங்குக்கு முறை எப்ப வருது?”

“அது நெலத்துக்கு எழுதற வார்த்தப்பா. கைப்பழக்கத்துல வந்துட்ச்சி.”

“நெலத்துக்குப் போட்டா செல்லும், பந்துக்குப் போட்டா செல்லாதா? அதே பேனாதான மாமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் அன்று மாலையே தத்தம் பத்திரத்தைத் தேடி எடுத்தார்கள். மறுவாரத்துக்குள், ஏரியில் எப்படியோ அப்படியே, தண்ணீர் முதலில் எட்டும் மேல்மடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் பாதி, கடைசியில் எட்டும் கடைமடைக்காரர் பிள்ளைகளுக்கு இரண்டாம் பாதி என்று வரிசை எழுதியாயிற்று. ஐந்து பேரைத்தான் மாற்றலாம் என்பது லீக் விதி. மீந்த முறை அடுத்த ஆட்டத்துக்கு என்று தீர்மானித்தீர்கள்.

நம் பயிற்சியாளர், எலவனாசூர்கோட்டையில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்ட பழைய ஆட்டக்காரர், அந்த வரிசைத் தாளை வாங்கிப் படித்தார். “ஐயா, எதிர் டீமுக்கும் இதேமாரி மடை வெட்டி வுட்டுடுங்க. அப்ப சமமா இருக்கும்” என்றார்.

அதற்குப் பின் நடந்தவை உங்களுக்குத் தெரியும். காலில் பந்து பழகியவன் வெளியே உட்கார்ந்தான். பந்தைக் கண்டால் ஒதுங்குகிறவன் உள்ளே நின்றான். ஓர் ஆட்டத்தில் கடைமடைப் பங்குதாரர் ஒருவர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சண்டையிட்டார்.

“எம் புள்ள எறங்கனதுல இருந்து பந்து வெளியவே கெடக்குதுங்க. கெணத்து மோட்டாருக்குக் கரண்டு பூட்டா முறைய நீட்டிக் குடுக்கறது இல்ல? அதுமாரி குடுங்க.”

வயலில் அது நியாயமான வழக்கு.

ஓர் இடம் மட்டும் இந்த முறைக்குத் தப்பியிருந்தது: கோல் கம்பம். அங்கே நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. களர் நிலத்துக்கு யார் தண்ணீர் கேட்பார்கள்? அங்கே நின்றவர் உளுந்தூர்பேட்டையில் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி, முப்பது வயதுக்காரர். மேலிருந்து வீசும் மூட்டையைத் தோளில் வாங்கிப் பழகிய உடம்பு, எந்தப் பந்தையும் வாங்கிவிடும். அவருக்குப் பங்கு இல்லை. நீங்கள் கொட்டிய செம்மண்ணை மண்வெட்டி கொண்டு பரப்பி மட்டம் பிடித்தவர்களில் அவர்தான் கடைசிவரை நின்றவர். ஆனால் டிப்பர் அவருடையதல்ல. ஆகவே பங்கும் அவருடையதல்ல. கூலிக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட இறைவனை நாள்தோறும் பாடுகிற என் வாய், அன்று ஏன் என்று கேட்கவில்லை.

பருவத்தின் பின்பாதியில் அவர் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அதை யாரோ செல்போனில் பிடித்து அனுப்ப, ஊர் முழுக்கப் பார்த்தது. அன்றோடு களர் விளைநிலமாயிற்று; கோல் கம்பத்துக்கும் முறை எழுதச் சொன்னீர்கள்.

கடைசி ஆட்டம் கல்வராயன் மலைமேல். சமன் செய்தால் போதும், முதல் பிரிவில் நீடிப்போம். தோற்றால் இறங்குவோம். வேனில் ஏறும்போதே எல்லோருக்கும் இது தெரியும். மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது அவர்களுடைய மைதானம். ஒரு பக்கம் சற்றே சரிவு. முதல் பாதியில் நாம் சரிவின் கீழ்ப்பக்கம். பந்து தண்ணீரைப் போல நம்மை நோக்கியே வந்துகொண்டிருந்தது. வந்த அத்தனையையும் அந்த ஒரு மனிதர் வாங்கி நிறுத்தினார். இடைவேளையில் இருபுறமும் கோல் இல்லை.

அப்போது என் மைத்துனர் பத்திரத்தோடு வந்தார். “மாமா, ரெண்டாம் பாதி கோல் எம் புள்ள முறை.”

பயிற்சியாளர் குறுக்கே வந்தார். “இன்னாங்க இது, வெளையாடறீங்களா? இன்னும் ஒரு பாதி அந்தாளு நின்னா போதும்.”

“நான் ஒண்ணும் பிச்ச கேக்கல. எழுதுனதத்தான் கேக்கறேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். செயலாளரின் சொல்லே முடிவு என்று அதே பத்திரத்தில் நான்தான் எழுதியிருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் எழுத்து பிழை என்று நானே என் வாயால் பத்துப் பேர் நடுவே சொல்ல வேண்டியிருந்திருக்கும். “எழுதினபடி நடக்கட்டும்” என்றேன்.

கோலில் நின்றவர் மறுக்கவில்லை. கையுறைகளைக் கழற்றி என்னிடமே கொடுத்தார். “ஈரமா கீதுங்க ஐயா. தொடச்சிட்டுப் போட்டுக்கச் சொல்லுங்க.”

இரண்டாம் பாதியில் சரிவு நமக்குச் சாதகம். அப்படியும் மூன்று கோல் வாங்கினோம். மூன்றாவது, பிள்ளையின் கால்களுக்கு நடுவே உருண்டு போயிற்று. அவனைக் குறை சொல்ல மாட்டேன். மடை திறந்திருக்கிறது என்று அவனை அங்கே நிறுத்தியவர்கள் நாம்.

ஆட்டம் முடிந்ததும் மலைக்காரர்கள் அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் என் அருகே அமர்ந்து, “அந்த மொதக் கோல்காரருக்கு அடி கிடி பட்டுட்டுதுங்களா?” என்று கவலையாக விசாரித்தார். இல்லை என்றேன். ‘பிறகு ஏன் மாற்றினீர்கள்’ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுவாரம் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கும் இடத்துக்கு நம் கோல்காரரைத் தேடிப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே நின்றபடியே பேசினார்.

“அடுத்த வருஷம் வருவியாப்பா?”

“எனக்கு ஏதுங்க ஐயா முறை?”

“அது நான் தப்பா எழுதனது.”

“தெரியுங்க. எல்லாருக்கும் தெரியும்.” தோளில் கிடந்த துண்டை உதறினார். “அந்த எழுத்த அடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. வரேன். அது வரிக்கும் கூப்புடாதீங்க.”

அந்த ஒரு சொல்லை அடிக்கத்தான் பொதுக்குழுவைக் கூட்டினேன். எல்லாப் பங்குதாரரும் சம்மதித்தால் பத்திரத்தைத் திருத்தலாம் என்பதும் நான் எழுதிய விதியே. என் பிழை இன்னதென்று எழுந்து நின்று சொன்னேன். பிறகு, யார் முதலில் சம்மதம் சொல்வது என்ற பேச்சு எழுந்தது. மேல்மடையிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்கு இன்னும் வராத முறையை விவரித்து, அது வந்தபின் அடிக்கலாம் என்றீர்கள். பாதி வரிசைகூட முடியவில்லை. பொழுது சாய்ந்து பால் கறக்க நேரமாயிற்று. கடைமடைக்கு வழக்கம்போல் ஒன்றும் எட்டவில்லை.

இரண்டாம் பிரிவின் ஆட்டங்கள் தொடங்க அதிக நாள் இல்லை. கோல் கம்பத்தில் நிற்க ஆள் இல்லை. அந்தச் சொல்லை அடித்த புதிய படி ஒன்றை என் வீட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். மட்டம் பிடித்தவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கையெழுத்துக்கு வரிசை கிடையாது. எவர் முதலில் வந்தாலும் அவருடையது முதல் கையெழுத்து. இதை வாட்ஸ்அப் குழுவில் காலையில் அறிவித்துவிட்டு ஓத உட்கார்ந்தேன். முதல் பாட்டு முடியுமுன் என் மைத்துனர் போன் செய்தார்.

“மாமா, வரேன். போட்டுடறேன். ஆனா ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“மொதக் கையெழுத்து மேமடை போடணுமா, கடமடையா?”

போனை வைத்துவிட்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினேன். ‘முறையோ’ என்ற சொல் அந்தப் பாட்டில் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.