வாசல் வரைக்கும் கயிறு

பிள்ளைகளே,

அப்பா சிட்னியில் மேடையேறி ஆடினார் என்று அம்மா சொன்னவுடன் நீங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. மேடையில் நான் ஆடவில்லை, கயிறு பிடித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சின்னவனுக்கு அக்கா வாசித்துக் காட்டவும்.

2012 ஆடி மாதம், வியாழக்கிழமை காலை எட்டரை. மெல்பேர்னிலிருந்து சிட்னி ரயில். தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல், பதினொரு மணித்தியாலம், ரிக்கற் தொண்ணூற்றொரு டொலர். கோழித் தொழிற்சாலையில் லீவு கேட்டு வாங்கியிருந்தேன். மடியில் ஒரு பை, அதற்குள் பதினைந்து முழக் கயிறு. பக்கத்தில் இருந்த திருச்சிக்காரத் தம்பி எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, சிட்னில கிணறு எதுவும் பார்த்து வச்சிருக்கீங்களா?"

"இல்லைத் தம்பி, ஒரு பிள்ளையைக் கட்டி இழுக்கப் போறன்."

அல்பரி நிலையம் வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை. பிறகு நானே விளக்கம் சொன்னேன். செடில் காவடியை நீங்கள் கோயிலில் பார்த்திருக்கிறீர்கள். ஆடுபவரின் முதுகில் கொளுக்கிகள் குத்தியிருக்கும். அவர் முன்னுக்குப் பாய, பின்னால் ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிப்பார். தளர்ந்தால் முகம் குப்புற விழுவார், கூட இழுத்தால் தோல் கிழியும். பதினெட்டு வருடம் அந்தப் பிடிகாரன் உங்கள் அப்பாதான். கயிறு கை மாறலாம், அதைக் கைவிடக் கூடாது. அது எங்கள் கட்டுப்பாடு.

என்னைச் சிட்னிக்குக் கூப்பிட்டவள் தாரணி. சிட்னியில் பிறந்தவள், வயது இருபத்தாறு. பரமட்டா ரயில் நிலைய வாசலில் விரிப்புப் போட்டு, முதுகிலும் தலையிலும் சுழன்றாடும் தெரு நடனம் பழகியவள். அதையும் காவடியாட்டத்தையும் சேர்த்து இரண்டு வருடமாக ஒரு படைப்புச் செய்திருக்கிறாள். மெல்பேர்ன் கோயிலில் நான் கயிறு பிடித்ததைக் கண்டு நம்பர் வாங்கிப் போனாள். அவளுடைய தாய் கமலாக்கா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். காவடி மேடைக்குப் போவதென்றால் வேலை தெரிந்த ஆள் பின்னால் நிற்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

வெள்ளி காலை பத்து மணி, பரமட்டாவில் ஒரு சின்ன மண்டபம், ஒத்திகை. கொளுக்கி இல்லை. முதுகில் தடித்த பட்டி, அதில் கயிறு. பறை ஏறியது, அவள் முன்னுக்குச் சாய்ந்தாள். கையில் பாரம் விழுந்ததுமே தெரிந்தது: இவள் விளையாட்டுக்கு ஆடவில்லை.

"அங்கிள், பறை நிக்கேக்க விடுங்கோ."

"என்னத்தை?"

"கயிற்றை. நான் விழவேணும். அதில இருந்துதான் மிச்ச டான்ஸ் எல்லாம்."

பறை நின்றது. நான் விடவில்லை. இரண்டாம் முறையும் விடவில்லை. மூன்றாம் முறை அவள் அந்தரத்தில் நின்று கத்தினாள்: "நான் என்ன ஆடோ அங்கிள்? லெட் கோ!"

கதிரையிலிருந்து கமலாக்கா சொன்னார்: "அவர் விடமாட்டார் எண்டுதானே கூப்பிட்டனான்."

நாளைக்கு மேடையேற்றம், இருநூறு பேர் வருவார்கள். அவள் விழாவிட்டால் பாதி ஆட்டம் இல்லை. என் மூளை சரி என்றது, விரல்கள் கேட்கவில்லை.

மதியம் பக்கத்து ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்கு நடந்து போய் மசாலாத் தோசை எடுத்தோம், ஒன்று ஒன்பது டொலர். தாரணி தொடவில்லை. அவளுடைய தோசை ஆறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது.

"பிள்ளை, கோயில்ல நாங்கள் கயிறு விடுற இடம் ஒண்டு இருக்கு. காவடி இறக்கிற வாசல். உன்ர ஆட்டத்தில வாசல் எங்க?"

"வெயிற் அங்கிள்" என்று எழும்பி ஓடினாள். மண்டபத்துக்கு அவள் திரும்பி வந்தபோது கக்கத்தில் தெருவில் ஆடுகிற பழைய விரிப்பு, ஓரமெல்லாம் ஒட்டு நாடா.

"அந்தக் குப்பையை எறியச் சொன்னனெல்லே!" என்றார் தாய்.

"அம்மா, பன்னிரண்டு வருஷம் இதிலதான் விழுந்து எழும்பினனான்."

மேடையின் முன்விளிம்பில் அதை விரித்தாள். மிதிக்கமுன் குனிந்து ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கமல்ல அது. அதுதான் அவளுடைய வாசல், எனக்கு அது போதும். ஒத்திகையை அத்தோடு நிறுத்தச் சொன்னேன். வாசலில் ஒரு முறைதான் இறக்குவது.

சனி பிற்பகல் மூன்று மணி. மண்டபத்தில் ஒரு பக்கம் சேலையும் வேட்டியும், மறுபக்கம் தொப்பி போட்ட அவளுடைய தெருக் கூட்டாளிகள். பறை ஏற ஏற அவள் இழுத்த இழுப்பில் என் உள்ளங்கை எரிந்தது. அடி அடியாக விட்டுக்கொடுத்து முன்னுக்கு விட்டேன். அவளுடைய கால் விரிப்பின் ஓரத்தைத் தொட்டது.

கையைத் திறந்தேன்.

விழுந்தாள். யாரோ ஐயோ என்றார்கள். அவள் தோளில் உருண்டு, பட்டியை ஒரே தட்டில் கழற்றி எறிந்துவிட்டு, முதுகில் சுழன்றாள், பிறகு தலையில் சுழன்றாள். பம்பரம் தோற்றுப்போகும். கமலாக்கா எழும்பி நின்று "அரோகரா!" என்றார். எங்கள் சனம் திருப்பிச் சொன்னது, கூட்டாளிகள் விசிலடித்தார்கள். ஒரு சத்தம் மற்றச் சத்தத்துக்கு இடைஞ்சல் செய்யவில்லை.

"அடுத்தது மெல்பேர்ன், அங்கிள்" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "விடுவீங்கள்தானே?"

"வாசலைக் கொண்டு வா, விடுறன்."

ஞாயிறு காலை ஆறு மணி. மெல்பேர்னுக்குத் திரும்ப ரயில் இருந்தது. கமலாக்கா வீட்டில் எல்லோரும் நித்திரை. எங்கள் பக்கத்தைவிடக் குளிர் குறைவு. பின்வளவில் உடுப்புக் காயப்போடும் இரும்புக் கம்பம் ஒன்று நின்றது. பதினெட்டு வருடத்தில் நான் கயிற்றின் மறுமுனையில் நின்றதே இல்லை. ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினேன். மாரில் ஒரு துவாயைச் சுற்றி, மற்ற முனையை அதற்கு மேலால் முடிந்தேன். முன்னுக்குச் சாய்ந்தேன். கம்பம் பிடித்துக்கொண்டது. பனிப் புல்லில் நாலு அடி வைத்து ஆடினேன், பிள்ளைகளே. பிறகு, இறக்கிவிட ஆளில்லாதபடியால், நானே திரும்பிப் போய் முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டினேன்.