விரலைச் சுற்றிய படலம்

என் மேசை இழுப்பறையில் சுருண்டுபோன பிளாஸ்டிக் படலம் ஒன்று கிடக்கிறது. நீட்டினால் பஸ் டிக்கெட் அளவுகூட வராது. வெந்நீரில் இளக்கி, தட்டையாக அழுத்தி ஆறவிட்டால் அப்படியே இருக்கும். உடம்புச் சூடு பட்டதும் பழையபடி சுருண்டுகொள்ளும்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அடிபட்ட நரம்பைத் தானாகவே சுற்றிப் பிடித்துக்கொள்ளும் மின்சுற்று. படலத்தின்மேல் லேசர் பட்ட இடம் கரியாகும். அந்தக் கரிக்கோடுகளில் கரண்ட் பாயும். லேசர் மெஷினை ஓட்டியவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தினமும் தங்கவயலிலிருந்து முதல் ரயிலில் வருவார். காண்ட்ராக்ட் ஆள். அவருடைய அப்பாவின் மாத்திரைக்கும் மகளின் காலேஜுக்கும் அந்த ஒரு சம்பளம்தான். எல்லா எஞ்சினியர்களையும் சார் என்பவர், என்னை மட்டும் தம்பி என்பார். லேசரின் வேகம் சரியில்லை என்பதைப் புகை வாசனையிலேயே சொல்லிவிடுவார். நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அதையே கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வந்த அன்று, படலங்கள் சூடுபடாமலிருக்க ஃப்ரிட்ஜில் வைத்திருந்த பெட்டியை முன்கூட்டியே வெளியே எடுத்தவன் நான். போன் வந்தது. பெட்டியை லேசரின் பவர் சப்ளைமேல் வைத்துவிட்டுப் பேசப் போனேன். அது எப்போதும் சுடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. திரும்பி வந்து திறந்தால், அத்தனை படலங்களும் மரச்சீவலாகச் சுருண்டு கிடந்தன. மறுபடி நீட்டினால் கோடுகள் விரிசல் விடும். மூன்று மாத உழைப்பு வீண்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். அந்தப் பெட்டியைத் தொடுவது அக்காவும் நானும் மட்டும்தான்.

"நேத்து சாயந்தரமே ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன் சார். தம்பி பார்த்தாரு, கேளுங்க," என்றார் அக்கா.

"நான் கவனிக்கல சார்," என்றேன்.

பொய் சொல்ல அவ்வளவு நேரம்தான் ஆனது. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வழக்கம்போல டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டார். என் மேசையைத் தாண்டும்போது நின்று, "வரேன் சார்," என்றார். முகத்தில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அந்த மின்சுற்று நன்றாகவே வேலை செய்கிறது. எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க ரயிலேறி, தங்கவயலுக்குப் பாதை பிரியும் பங்காரப்பேட்டை வரை போய்த் திரும்பிவிட்டேன். அவ்வளவு கோழை நான்.

இன்று காலை, அன்று வீணானவற்றில் ஒன்றான இழுப்பறைப் படலத்தைத் தட்டையாக்கி விரல்மேல் வைத்தேன். மெல்லச் சுற்றி இறுகியது. அதைக் கழற்றாமலே போனில் அக்காவின் எண்ணை எடுத்தேன். அவர் "ஹலோ" என்றதும் முதலில் அக்கா என்றுதானே கூப்பிட வேண்டும்; என்னைச் சார் என்றுவிட்டுப் போனவரை எப்படி அப்படிக் கூப்பிடுவது? எண்ணை அழுத்தாமல் போனைக் கீழே வைத்துவிட்டேன்.